மேற்கு மலையில் இரண்டு வெளிச்சம்

வெள்ளியும் வியாழனும் வானத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, வந்து பார் என்று யாராவது கூப்பிட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. அடுப்பில் வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்துவிடுவேன். உண்மையில் பயம்.

எங்கள் ஆட்களுக்கு ஓட்டு இல்லாமல் போன காலம் அது. மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், வரிசையாக ஒட்டிய கூலி வீடுகள். பஸ் வராது. நோயாளியைக் கம்பளியில் தூளி கட்டி, மேற்கு மலையைத் தாண்டித் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இருட்டில் திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆள் உயிரோடு இருந்தால் தூளிக்கு முன்னால் ஒரு பந்தம், பின்னால் ஒரு பந்தம். இறந்திருந்தால் முன்னால் மட்டும். லயத்து ஆட்கள் தூரத்திலேயே தெரிந்துகொண்டு ஆக வேண்டியதைப் பார்ப்பார்கள்.

காய்ச்சல் முற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அம்மாவை அன்று தூக்கிவருகிறார்கள் என்று மட்டும் தகவல் வந்திருந்தது. எப்படி வருகிறாள் என்று சொல்லவில்லை.

கார்த்திகை மழை அப்போதுதான் விட்டிருந்தது. மலை எது, வானம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாத இருட்டு. அந்த மேற்கில் இரண்டு வெளிச்சம், ஒன்று பெரிது, ஒன்று கொஞ்சம் சிறிது. மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன.

"அக்கா உசுரோட வருது," என்றாள் சித்தி. உடனே வெந்நீர் வைத்தாள், கொத்தமல்லி வறுத்தாள். நான் அம்மா படுக்கும் சாக்கை உதறி விரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை. வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தபோதும், வளைவில் மரம் மறைக்கிறது என்றுதான் பேசிக்கொண்டோம். அவை என்னவென்று பிற்பாடு பள்ளிக்கூடத்தில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அதே மலையில் ஒரு பந்தம் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தோம். ஒன்றுதான். சித்தி அடுப்பை விட்டு எழுந்து வந்து நின்றாள். பந்தம் வாசலுக்கு வந்தது. அதன் பின்னால் தூளி, தூளிக்குப் பின்னால் வெறுங்கையோடு அப்பா.

தங்கைக்கு நாலு வயது. தூளியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்:

"இது அம்மா இல்லப்பா. அம்மாவுக்கு ரெண்டு பந்தம். நாங்க எல்லாரும் பார்த்தோம்."

அப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி என்னைப் பார்த்தாள்.