சினை ஆட்டுக்குத் தெரு போட்ட படுக்கை

எங்கள் தெருவில் ஒரு உயிர் வயிற்றில் சுமக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், யார் கையும் சும்மா இருக்காது. பூந்தமல்லியிலிருந்து கரையான்சாவடிக்குப் போகிற சாலைக்குப் பின்னால் இருந்த தெரு அது. பெரிய சாலையில் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் போனால், அடுப்பில் இருப்பதைக்கூட விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிற ஜனங்கள். மாசமாக இருக்கிறவளுக்கு ஒருத்தி மாங்காய் கொண்டுவருவாள், இன்னொருத்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவாள். அந்த வருஷம் நானும் மாசமாக இருந்தேன், என் ஆடும் சினையாக இருந்தது. “ஒரே ஊட்ல ரெண்டு புள்ளத்தாச்சி” என்று சிரித்துக்கொண்டே இருவருக்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு வந்ததெல்லாம் புதுசு. ஆட்டுக்கு வந்ததுதான் பழசு.

அந்த ஆடு எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். மூத்தவன் பிறந்தபோது எனக்குப் பால் சுரக்கவில்லை. மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போய், குழந்தை நனைந்த துணி மாதிரி துவண்டுவிட்டான். பக்கத்து வீட்டில் மரவேலை செய்கிற பாய் ஒருவர் இருந்தார். அவர் மனைவியைத் தெருவே பாயம்மா என்று கூப்பிடும். அந்தப் பாயம்மாதான் தன் ஆட்டைக் கறந்து, தண்ணீர் கலந்து காய்ச்சி, சங்கில் புகட்டினார். பிள்ளை பிழைத்தான். “கண்ணத் தொறந்து மொறைக்கிறான் பாரு, இனிமே பயமில்ல” என்று அவர் அழுதுகொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஆடு செத்துப்போவதற்கு முன் ஈன்ற குட்டியைப் பிறகு எனக்கே கொடுத்துவிட்டார்.

அந்தக் குட்டி வளர்ந்து, முதல் சினையில், நாள் ஆவதற்கு முன்பே கரு கலைந்து குட்டியை வீசிவிட்டது. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த கடலைக்கொடியைத் தின்றதும், மூத்திரத்தில் ஊறிய தரையில் படுத்ததும்தான் காரணமாக இருக்கும் என்றார் பாயம்மா. இது இரண்டாவது சினை. எனக்குப் பிரசவம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் அது ஈனவேண்டும். இதுவும் தவறினால், வரப்போகிற குழந்தைக்குச் சங்கில் ஊற்ற என்ன செய்வேன்?

அதனால் பொழுது விடிந்ததும் புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டு, ஈரமண்ணைச் சுரண்டி எடுத்துவிடுவேன். கடலைக்கொடியை உதறி வெயிலில் காயவைத்து, முகர்ந்து பார்த்துத்தான் போடுவேன். பூவரசந்தழையைக் காலில் மிதிபடாமல் உயரக் கட்டித் தொங்கவிடுவேன். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுவேன். என் வீட்டுக்காரர் பூமூட்டை ஏற்றிப் பட்டணத்துக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறவர். நான் கொடியை முகர்வதைப் பார்த்து, “என் சோத்த இப்டி என்னிக்காச்சும் மோந்து பாத்துகிறியா நீ?” என்பார்.

நான் எவ்வளவு கவனமாக இருந்தாலும், ஆட்டுக் கொட்டகை தெருவைப் பார்த்து இருந்ததால் யாரும் எதையும் போட்டுவிடலாம். எதிரில் ஆப்பக்கடை வைத்திருந்த பெரியம்மா, மீந்து புளித்த மாவைச் சட்டியோடு கொண்டுவருவார். ஒருநாள் வழிமறித்துவிட்டேன்.

“வாணாம் பெரிம்மா. புளிச்சது அதுக்கு ஒத்துக்காது.”

“நேத்து மாவுதான்டி. ஊரே துண்ணுது, ஒருத்தனும் சாவல. உன் ஆடு இன்னா, ஜமீந்தார் ஊட்டுப் பொண்ணா?”

“வயிறு உப்பிக்கும் பெரிம்மா.”

“மாசமா கீற வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் போடறேன். அதுக்கு இம்மாம் பேச்சா!”

சட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. நான் தலைசுற்றிப் படுத்துக் கிடந்த காலைகளில் என் மூத்தவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஆப்பம் ஊட்டியவர் அவர்தானே. என்னோடு பேசாத நாட்களிலும் அதை நிறுத்தவில்லை.

ஒருநாள் நான் ஏரிக்குத் துணி துவைக்கப் போய்த் திரும்பினேன். ஆட்டின் இடப்பக்கம் மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. கீழே சோறு, கஞ்சி, மாவு எல்லாம் சிந்திக் கிடந்தன. யாரோ ஒருவர் போட்டதல்ல, போகிற வருகிற எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி போட்டிருக்கிறார்கள். நான் போட்ட கூச்சலில் பாயம்மா ஓடிவந்தார். பெருங்காயத்தை எண்ணெயில் கரைத்துப் புகட்டினார். முன்னங்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்தி, இருவரும் மாற்றி மாற்றி விலாவைத் தேய்த்தோம். பொழுது சாய்கிறபோது ஆடு ஒரு ஏப்பம் விட்டது. எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், அந்த ஏப்பத்துக்கு ஈடில்லை.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. “யாரு போட்டது?” என்று கத்த நான் வாயைத் திறந்தேன். பாயம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

“இதுக்குத் தீனிக்குக் கொறவில்ல. படுக்கத்தான் நல்ல எடமில்ல. மழ வரப்போவுது. ஈரத்துல கெடந்தா தாயும் தங்காது, குட்டியும் தங்காது. குடுக்க மனசு கீறவங்க காஞ்சதாக் கொண்டாங்க.”

“காஞ்சதுன்னா?” என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கேட்டார் ஆப்பக்கடைப் பெரியம்மா.

“வைக்கோலு, உமி, சாம்பலு. எங்க ஊட்டுக்காரர் பட்டறையில இழைப்புளி சீவின சுருள் கெடக்குது, அத்த நான் தரேன்.”

பெரியம்மா முன்னால் வந்தார். “ஆப்பக்கடையில சாம்பலுக்கா பஞ்சம்? எங்கிட்ட கேக்க உனக்கு வாயில கொழுக்கட்டயாடி?” என்றார் என்னைப் பார்த்து. பேச்சு திரும்பிவிட்டது என்பதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கூடை நிறையக் கொண்டுவந்தார். “சலிச்சு ஆற வெச்சுகீறேன். நெருப்பு கிருப்பு இல்ல, கைய வுட்டுப் பாரு.” தரையில் சாம்பல், அதன்மேல் நெல் குத்துகிற வீட்டிலிருந்து வந்த உமி, அதன்மேல் பாயம்மாவின் மரச்சுருள், எல்லாவற்றுக்கும் மேலே யார் யாரோ கொண்டுவந்த வைக்கோல். நனைந்ததை நான் வாரிப்போட்டால், புதுசு வாசலில் காத்திருக்கும். சட்டியோடு ஒருவரும் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது எங்கள் வீடு நான்கு மூலையும் ஒழுகியது, கொட்டகை மட்டும் காய்ந்து கிடந்தது.

“தலகாணிய எடுத்துகினு அங்கயே போய்டட்டா?” என்றார் வீட்டுக்காரர்.

“ஆடு சரின்னா போ” என்றேன்.

அந்த மழையிலேயே ஒரு மத்தியானம் ஆடு ஈன்றது. என்னால் குனிய முடியவில்லை. பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, குட்டிகளின் மூக்கையும் வாயையும் தன் முந்தானையால் துடைத்தார். “பொட்ட ஒண்ணு, கடா ஒண்ணு. ரெண்டும் துள்ளுது பாரு!”

மழைக்காலம் முடிவதற்குள் எனக்கு மகள் பிறந்தாள். இந்தத் தடவையும் எனக்குப் பால் போதவில்லை. குட்டிகள் குடித்தது போக மீதியைப் பெரியம்மா கறந்துகொடுத்தார், பாயம்மா காய்ச்சி ஆற்றிச் சங்கில் புகட்டினார். இந்த இரண்டு பேருக்கும் நான் என்ன செய்தேன், என்ன செய்ய முடியும் என்று பாயில் படுத்தபடி நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வெளியே யாரோ புதிதாகக் குடிவந்தவள் ஆட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்திருப்பாள் போலிருக்கிறது.

“அந்தக் கஞ்சிய உன் ஊட்டுக்காரனுக்கு ஊத்து! ஆட்டாண்ட வந்தே, கரண்டி பறக்கும்!” என்று கேட்டது பெரியம்மாவின் குரல்.

அந்தச் சத்தத்தில் என் மகள் ஒருதரம் திடுக்கிட்டாள். பிறகு சங்கை விடாமல் குடித்தாள்.