வாரத்து மாட்டுச் சாணி

முழங்கை வரை கையைச் சாணிக்குள் விட்டு வைக்கோல் துரும்பு தேடிக்கொண்டிருக்கிறாள் பாஞ்சாலை. ஒரு கூடைச் சாணிக்கு ஒரு குடம் தண்ணீர். கட்டி தட்டாமல் கரைக்க வேண்டும். துரும்பு உள்ளே போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். கரைத்ததைக் குழியில் ஊற்றிவிட்டு, சாணி புளிக்கும் பக்கத்துக் கிணற்றில் கவிழ்ந்து கிடக்கும் இரும்பு டிரம்மை ஒரு தட்டுத் தட்டுவாள். உள்ளே கேஸ் சேரச் சேர அது மெல்ல மேலே எழும்பும்.

"எழுந்துக்கோடா ராஜா, பன்னெண்டு வூட்ல உலை வெக்கணும்" என்பாள்.

விருத்தாசலம் ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் வீடுகள் பதின்மூன்று. பதின்மூன்றாவது வீடு அவளுடையது.

கை கழுவிக்கொண்டு நேரே பீங்கான் பட்டறைக்கு ஓடுவாள். மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான்களைச் சூளைக்குப் போகுமுன் ஈரப் பஞ்சால் துடைத்து, துளைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. அவள் புருஷன் பச்சமுத்து அதே பட்டறையில் கல்லை மாவாக அரைக்கும் மிஷினில் பதினெட்டு வருஷம் நின்றவன். அந்த மாவு அவன் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. "புகை மட்டும் ஆகாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். ஒற்றை அறை வீடு; எரிப்பதோ வறட்டியும் வேலிக்காத்தான் முள்ளும். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

அதனால் தீக்குச்சியைக் கிழிக்குமுன் கயிற்றுக் கட்டிலை அவனோடு சேர்த்துத் தெருவுக்கு இழுத்து விடுவாள். "மகராசா பல்லக்கு கெளம்பிடுச்சி, வழிவுடுங்க" என்று இருமலுக்கு நடுவே சிரிப்பான் பச்சமுத்து.

எழுபத்து நாலில் சர்க்கார் ஆட்கள் வந்து, தெருவே சேர்ந்து நடத்துவதாக இருந்தால் சாண எரிவாயுத் தொட்டி கட்டித் தருகிறோம் என்றார்கள். கனகசபாபதி வாத்தியார் தலைவரானார். தலைவர் கிடைத்தார், சாணிதான் கிடைக்கவில்லை. சாணி நெருப்பில் பொங்கியதைச் சாமிக்குப் படைக்கலாமா என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"நெத்தியில பூசற துன்னூறு எதுலேர்ந்து வந்துச்சாம்?" என்று வீடு வீடாகக் கேட்டவள் பாஞ்சாலைதான். குழி வெட்ட மண் சுமந்தாள். சர்க்கார் கொடுத்த இரும்பு பர்னர் ஒரே மாதத்தில் துருப்பிடித்தபோது, பட்டறையின் வெள்ளைக் களிமண்ணைத் தட்டி, குடைக்கம்பியால் பத்தொன்பது துளை குத்தி, சூளைக்காரரைக் கெஞ்சி ஓர் ஓரத்தில் வைத்துச் சுட்டெடுத்தாள். வீட்டுக்கு ஒன்றாகப் பதின்மூன்று பீங்கான் பர்னர்கள். அவளுடையதைப் பச்சமுத்து மடியில் வைத்துக்கொண்டு விரலால் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

உறுப்பினர் பெயர் எழுத ஒரு குமாஸ்தா வந்தார். சொந்த மாடு உள்ளவர்தான் உறுப்பினராம். அவள் முறை வந்தது.

"மாடு யாருது?"

"கருவேப்பிலங்குறிச்சி கோவிந்தசாமி மாடுங்க. நான் வாரத்துக்கு வளக்கறேன்."

வாரத்துக்கு, அதாவது அடுத்தவர் மாட்டைப் பங்குக்கு வளர்க்க வாங்குகிறவர்கள், ஈனும் கன்றில் பங்கு உண்டென்றாலும், நாலு பேர் முன்னால் மாட்டைத் தன்னுடையது என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் அது திருட்டுக்குச் சமம். "என் மாடு" என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. குமாஸ்தா அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டாம் வீட்டுச் சுவரோடு குழாய் நின்றது. அங்கிருந்து அவள் வாசலுக்குப் பதினோரு எட்டு நடைதான்.

"வாரத்து மாட்டுச் சாணி மட்டும் ஆவுது, எம் பேரு ஆவாதுங்களா வாத்தியாரே?"

"சட்டம் அப்படி இருக்குது பாஞ்சால. அடுத்த தொட்டி வரட்டும், மொத பேரு உன்னுதுதான்" என்றார் வாத்தியார். அவள் மண் சுமந்ததைக் கண்ணால் பார்த்த பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சுற்றி நின்றார்கள். ஒரு வாய் திறக்க வேண்டுமே!

மறுநாளும் அவள் சாணி கரைக்க வந்தாள். வராமல் இருந்தால் அடுத்த தொட்டியிலும் பெயர் போய்விடும் என்று பயம்.

பர்னர் துளை அடைத்துக்கொண்டால் வாத்தியார் சம்சாரம் கோமளம் அதை வாசலுக்கே கொண்டுவந்து நீட்டுவாள். "புகைங்கறதே மறந்துபோச்சு பாஞ்சால, கண்ணு குளுந்துடுச்சு." பாஞ்சாலை குடைக்கம்பியால் குத்தி, ஊதித் திருப்பிக் கொடுப்பாள்.

போன ஐப்பசியில் மழை விடாமல் ஒன்பது நாள் பிடித்துக்கொண்டது. வெளியே போட்டால் நனைவான், உள்ளே போட்டால் புகை. "நனையறதுக்குப் புகையே தேவலாம், நீ பத்த வையி" என்றான் பச்சமுத்து. இரண்டு நாள் அடுப்பு மூட்டாமலே பார்த்தாள். மூன்றாம் நாள் கஞ்சியாவது வேண்டுமென்று மூட்டினாள். ஒன்பதாம் நாள் அவன் போய்விட்டான். பதினோரு எட்டுக்கு அப்பால் பன்னிரண்டு வீட்டிலும் நீல நெருப்பு சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது தொட்டி இன்னும் வரவில்லை. டிரம்மை இப்போதும் தட்டுகிறாள். ராஜா என்று கூப்பிடுவதில்லை. "ஏன் இன்னும் கரைக்கிற?" என்று பட்டறையில் கேட்டால், "நான் நிறுத்திட்டா அவங்க வூட்டுப் புள்ளைங்க பட்டினி கெடக்குமே" என்கிறாள். பதின்மூன்றாவது பர்னர் அவள் வீட்டுப் பரணில் சிமெண்டுக் காகிதத்தில் சுற்றிக் கிடக்கிறது.

சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் தலையை முடிந்துகொள்கிறாள். இரண்டு வறட்டியை உடைத்து அடுப்பில் சொருகுகிறாள். தீப்பெட்டியைக் கையில் எடுத்தவள், அதை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, சுவரோரம் கிடக்கும் வெறும் கட்டிலைத் தெருவுக்கு இழுத்து விட்டு வருகிறாள். அப்புறம்தான் குச்சியைக் கிழிக்கிறாள்.