வெட்டாத கோடு

"அதை வெட்டிவிடுங்கள், வெறும் இரைச்சல்" என்று சிங்களத்தில் சொன்னார் என் ஆய்வை மேற்பார்த்த விரிவுரையாளர். போன் அலைகள் எவ்வளவு பிந்தி வந்துசேர்கின்றன என்று காட்டும் வரைபடத்தில், தள்ளித் தனியாக நின்ற ஒரு சின்னக் கோட்டைத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாத்தளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அளந்தது அது. நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளில், லயத்தில், போன் சிக்னலை முழுசாகக் காட்டும். பேச்சோ துண்டுதுண்டாக வரும். போன் கம்பனியில் முறைப்பாடு செய்தால், "உங்க போன் குப்பை, மாத்துங்க" என்பார்கள். அப்பா இரண்டு தடவை மாற்றினார். அந்த வயிற்றெரிச்சலில்தான் பொறியியல் கடைசி வருட ஆய்வுக்கு இதையே எடுத்தேன்.

இன்றைய போன் பேச்சை நூற்றுக்கணக்கான சிறு அலைகளில் பிரித்து அனுப்புகிறது. நடுநடுவே இரு பக்கமும் முன்கூட்டியே அறிந்த குறிகள் இருக்கும். அவை எப்படிக் கெட்டு வந்து சேர்கின்றன என்று பார்த்தால், வழி என்ன செய்தது என்று மதிப்பிடலாம். எதிரொலி பிந்தி வந்தால் அடுத்து வரும் பேச்சுத் துண்டோடு கலந்துவிடும் என்று சிறு இடைவெளியும் விட்டிருப்பார்கள். என் கோடு அந்த இடைவெளியையும் தாண்டி நின்றது. அப்படியானால் எங்கள் பேச்சை அறுப்பது அந்த எதிரொலிதான். அவ்வளவு பிந்தி எதுவும் வராது என்பது விரிவுரையாளர் முடிவு.

வராதாமே! கொழுந்து லொறி ஓட்டும் அப்பாவிடம் கேட்டேன்.

"வளைவுல ஹார்ன் அடிச்சுப் பாரு. எதிர்ப் பாறை சும்மா வுடுமா? அதுவும் ஒண்ணு அடிக்கும்" என்று சிரித்தார்.

டவர் சிக்னலைப் பிடிக்கும் கருவியைப் பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து மறுபடியும் கொண்டுபோனேன். பாறையை நோக்கி நடந்து மூன்று இடங்களில் அளந்தேன். நான் நெருங்க நெருங்க, எதிரொலி பிந்துவது குறைந்து கோடும் உள்ளே நகர்ந்து வந்தது. இரைச்சலுக்கு எங்கள் பாறை இருக்கும் இடம் எப்படித் தெரியும்?

ஆய்வின் வாய்மொழித் தேர்வில் விரிவுரையாளர் முகம் சிவந்தது. "இன்னும் வெட்டவில்லையா?"

"இல்லை சேர். இதை வெட்டினால் பாறையையும் வெட்டவேண்டும்."

புள்ளியைக் குறைத்தார்கள். குறைக்கட்டும். தேறிவிட்டேன், கோடு என் ஆய்வேட்டில் அப்படியே இருக்கிறது.

வெளியே வந்ததும் அப்பாவுக்கு அடித்தேன். லயத்தில் இருந்தார். என் குரல் அவருக்கு அறுந்து அறுந்து போனது.

"என்னா சொல்ற? போன்ல பழுதா?"

"போன்ல பழுது இல்லப்பா! மூணும் நல்ல போன்தான்!"

அவருக்குக் கேட்கும்வரை, நடுரோட்டில் நின்று நாலு தடவை கத்தினேன்.