இடுப்புக்கு வந்த மாப்பிள்ளை

முதலில் வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறார். முழங்கால்களை மடக்கி, இரண்டையும் சேர்த்துக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுகிறார். பிறகு முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை நிமிர்த்துகிறார். தவணை முறையில் வீடு வாங்குகிறவர்கள் உண்டு. தவணை முறையில் எழுந்திருப்பவர் இவர். உட்கார்ந்ததும் இடுப்பில் கையை வைத்து மனைவியிடம் நிலவரம் சொல்வார்: "மாப்பிள்ளை முழிச்சுட்டாரு."

மாப்பிள்ளை என்பது அந்த வலிக்கு அவர் வைத்த பெயர். சொல்லாமல் கொள்ளாமல் வந்தது, வந்ததிலிருந்து ராஜ உபசாரம் கேட்கிறது, கிளம்பும் வழியைக் காணோம். வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்பார்.

ஊரார் கால்களுக்கு ஷூ மாட்டிவிடுவது இவர் உத்தியோகம். கடைவீதியில் ஏசி போட்ட பெரிய செருப்புக் கடை. யாரையும் கால் அளவைச் சொல்லியே குறிப்பிடுவார். மனைவி அஞ்சு, கேட்பவர்கள் அதை அந்த அம்மாளின் பெயர் என்றே நினைத்துக்கொள்வார்கள். இவர் எட்டு, ஆகவே கடையில் எட்டண்ணன். முதலாளிக்கு ஏழரை. "ஏழரை வந்தாச்சு" என்று இவர் முகம் மாறாமல் சொல்லும்போது, கூட வேலை செய்பவர்கள் பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வருவார்கள்.

இப்படிப்பட்டவர், ஒருநாள் காலை தன் காலுக்கு சாக்ஸ் மாட்டும்போது மாட்டிக்கொண்டார். இடுப்புக்குள் ஏதோ சுளீரென்று இழுத்தது. தொடை வரைக்கும் நெருப்பாக இறங்கியது. ஒரு காலில் சாக்ஸுடன் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "கொஞ்ச நாளைக்குக் குனியாதீங்க, கீழ உக்காராதீங்க" என்றார் டாக்டர். 'அப்ப கடைக்கு நீங்க போறீங்களா?' என்று கேட்க வாய் வரை வந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரவில் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. காலையில் வெந்நீர்ப் பை. சட்டைக்குள் இடுப்புப் பட்டை. அது தெரியாமலிருக்கத் தொளதொளவென்று ஒரு சட்டை. தைலம் மட்டும் விடுமுறை நாளில்தான். ஏசிக்குள் அந்த வாசனை ஊரைக் கூட்டிவிடும். "லீவு போட்டுட்டு ரெண்டு நாள் படுங்களேன்" என்று அஞ்சு கெஞ்சுவாள். "படுத்தா அப்புறம் படுத்தே கிடக்க வேண்டியதுதான்" என்பார்.

இந்தப் பயத்துக்குக் காரணம், கால் அளவு பத்துக்காரர் ஒருவர். கடையில் வேலை பார்த்தவர்களிலேயே மூத்தவர் அவர். முட்டி வலிக்கிறது என்று ஒருநாள் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி திட்டவில்லை. தோளில் கைபோட்டு, "வீட்ல நல்லா ஓய்வெடுங்கண்ணே" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த மரியாதையைத் தாங்க முடியாது என்கிறார் எட்டண்ணன். இவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

கடையில் வாடிக்கையாளர் காலடியில் உட்கார, அலமாரியைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்குவார். எழுவதுதான் பெரும்பாடு. மாப்பிள்ளை பிடித்துக்கொண்டால் நேரம் கடத்துவார். கட்டைவிரலை அழுத்தி, "இங்க இடிக்குதா சார்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுவார். வாடிக்கையாளர்களுக்குப் பரம திருப்தி. இவ்வளவு பொறுமையான ஆளை இந்தக் காலத்தில் எங்கே பார்ப்பது என்று கல்லாவில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். முதலாளியும் தலையாட்டுவார். ஆனால் போன வாரம் ஒரு வார்த்தை விட்டார்: "என்னண்ணே, இப்பல்லாம் கீழ போனா மேல வர நேரமாகுதே?" அன்று எட்டண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று கடையில் நல்ல கூட்டம். ஒரு ஒன்பதுக்கு இடது கால் ஷூவை மாட்டி, நாடாவும் கட்டியாயிற்று. எழப் பார்த்தார், முடியவில்லை. கட்டைவிரலை அழுத்தினார். நாடாவை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். நெற்றி வேர்த்தது. கல்லாவிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். ஒன்பதுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "பிடிச்சுக்குங்க" என்று கையை நீட்டினார்.

எட்டண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். கல்லாவைப் பார்த்தார். "அடுத்த காலும் பாத்துடலாம் சார்" என்று அங்கே கேட்கும்படி சொன்னார். பெட்டிக்குள் கையை விட்டு வலது கால் ஷூவை எடுத்து, நீட்டிய கையில் வைத்தார்.