கண்ணாடி மூடியில் ஒரு கை

மாநகராட்சிக் கார்ப்பரேட்டரின் ஆபீஸுக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது அந்த முனகல்தான். ஈஜிபுராவில் அவர் வீட்டின் முன்னறையே ஆபீஸ். அறையின் நடுவில், இறந்தவர்களைக் கிடத்தும் ஃப்ரீசர் பெட்டி காலியாக ஓடிக்கொண்டிருக்கும். வார்டில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் இலவசமாக அனுப்புவார். கேட்கும்போது குளிர்ந்து தயாராக இருக்க வேண்டும் என்பார். பின்னாலேயே தானும் போய், எடுக்கும்வரை உட்கார்ந்திருப்பார். மற்ற தலைவர்கள் இப்படிப்பட்ட பெட்டிகளில் தங்கள் சிரித்த படத்தை ஒட்டிவைப்பார்கள். அவர் ஒட்டவில்லை.

பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலி, இந்தப் பக்கம் மனு கொடுக்க வருபவர்களின் பெஞ்சு. "சொல்லுங்க" என்பார். தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று பெட்டிக்கு மேலாகத்தான் பேச வேண்டும். குனிந்தால் கண்ணாடி மூடிக்குள் நம் முகம் படுத்திருக்கும். நிருபராகப் பல ஆபீஸ்களில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே மட்டும் யாரும் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அவரும்தான்.

ஒரு மழைக்கால மதியம், கட்டட வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் வந்தார். அவர் வீட்டை ஒட்டி ஓடும் மழைநீர்க் கால்வாயை மூடி, அதன்மேல் தன் அபார்ட்மெண்டுக்கு ரோடு போட ஒரு பில்டர் முயன்றுகொண்டிருந்தார். அதற்குக் கார்ப்பரேட்டரின் சம்மதக் கடிதம் வேண்டும். மூடிவிட்டால் வெள்ளம் தன் வீட்டுக்குள்தான் வரும், படுத்த படுக்கையாயிருக்கும் அப்பாவைத் தூக்கக்கூட ஆளில்லை என்றார் அக்கா.

"நான் இருக்கசொல்ல எவன் மூடுவான்?" என்றார் கார்ப்பரேட்டர்.

"சும்மா சொல்லாதீங்க தலைவரே. நாளைக்கு நீங்களும் நானும் இதுல படுக்கப் போறவங்கதான். இதுமேல கைய வச்சி சொல்லுங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஈரம் பூத்திருந்த மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து அதையே சொன்னார். கையை எடுத்தபோது அதன் வடிவம் மட்டும் தெளிவாக நின்றது. அதன் வழியே உள்ளே உடலைக் கிடத்தும் வெறும் வெள்ளைத் தட்டு தெரிந்தது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல ஈரம் படர்ந்து அது மறைந்தது.

தேர்தல் நெருங்கியபோது, கடிதம் கொடுக்காவிட்டால் சீட் இல்லை என்று கட்சியில் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டு அவரைப் பார்க்கப் போனேன். அறை நிசப்தமாக இருந்தது. பெட்டி நின்ற இடத்தில் தரை நீள்சதுரமாக வெளுத்திருந்தது. எங்கே என்று கேட்டேன். "ரிப்பேருக்குப் போயிருக்கு சார்" என்றார், தரையைப் பார்த்தபடி. வெளியே வந்தேன். தெருமுனையில் பெட்டி அவருடைய வேனிலேயே இருந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை, சாயங்காலம் வரைக்கும் உள்ளே கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் தலைவர் சொல்லியிருந்தார் என்றார் டிரைவர்.

அன்றே பில்டருக்குக் கடிதம் போனதை எழுதினேன், செய்தியும் வந்தது. கால்வாய் மூடப்பட்டது, அவர் ஜெயித்தார். அடுத்த மழையில் அக்கா வேலையிலிருந்து ஓடிவந்து சேர்வதற்குள் தண்ணீர் கட்டிலுக்கு மேல் ஏறியிருந்தது. அக்காவின் அப்பாவுக்கும் பெட்டி வந்தது. முதல்முறையாகக் கார்ப்பரேட்டர் வரவில்லை.

அவரைக் கெட்டவர் என்று இன்றும் என்னால் எழுத முடியாது. பதவியில் இருப்பவர்கள் செய்ததையும் செய்யாததையும் கணக்கெடுப்பதுதான் என் தொழில். ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் முன்னால் வருவது அந்த வெளுத்த தரைதான். பொய் சொல்ல முடியாத ஓர் இடத்தைத் தானே அமைத்துக்கொண்டு, தேவைப்பட்ட அன்று அதை வெளியே தூக்கி வைக்கவும் தெரிந்த மனிதர்.

போன மாதம் அவர் இறந்தார். அதே அறை, அதே பெட்டி, அதே முனகல்; இந்தமுறை உள்ளே அவர். வெளியே மழை, மூடியில் ஈரம் பூத்து முகம் தெரியவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் அந்த அக்கா நின்றிருந்தார். மாலை எதுவும் கொண்டுவரவில்லை. மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து, குனிந்து, மனு வாங்குபவரைப்போல நிதானமாகச் சொன்னார்:

"சொல்லுங்க தலைவரே."

சற்றுக் காத்திருந்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அந்தக் கையின் வடிவத்துக்குள் கார்ப்பரேட்டரின் வாய் மட்டும் தெரிந்தது. ஈரம் அதை மூடும்வரை நான் நகரவில்லை.