குணம்: கடிக்கும்

குழந்தைகள் நல அலுவலகக் கோப்பில் பால்காரியைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: “மென்மையாகப் பேசுபவர். பொறுமைசாலி. குழந்தை வளர்ப்பில் முன் அனுபவம் உள்ளவர்.” மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. பால்காரி ஒரு குரல் கொடுத்தால் மூன்றாவது வயலில் உழுகிற டிராக்டர் நின்று திரும்பிப் பார்க்கும். வளர்த்த அனுபவமெல்லாம் இருபத்தாறு பசுக்கள். கட்டிக்கொண்டவரைக் கணக்கில் சேர்க்க அவளுக்கே இஷ்டமில்லை. கோப்பை எழுதியவர் அவளைப் பார்த்ததே இல்லை என்பதைத் தவிர அதில் வேறு குறையில்லை.

யாருமற்ற ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றை, நிலையான வீடு அமையும்வரை என்று சொல்லி இவளிடம் விட்டிருந்தார்கள். தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. கொடுத்த படிவத்தில் “உணர்வுநிலை மாற்றங்கள்” என்றெல்லாம் கட்டம் போட்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எழுதிப் பழகியது தொழுவத்து நோட்டு ஒன்றில்தான். அதிலேயே இருபத்தேழாவது உருப்படியாகக் குழந்தையையும் சேர்த்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து அதிகாரி வந்தார். சமையலறை மேசையில் நோட்டை விரித்தார்.

“‘எடை பதினேழு கிலோ. தீவனம் அரைகுறை. குணம்: கடிக்கும். முன்பல் இல்லாததால் சேதம் குறைவு.’ என்னம்மா இது?”

“உள்ளதைத்தானே சார் எழுதியிருக்கேன்.”

“மாட்டுக்கு எழுதுற மாதிரி இருக்கு!”

“மாட்டுக்குத்தான் சார் நான் அக்கறையா எழுதுவேன். இவருக்கு இருபது வருஷமா ஒரு வரி எழுதினதில்ல, கேட்டுப் பாருங்க.”

“அது வாஸ்தவம்” என்றார் வாசலில் நின்ற கணவர்.

அதிகாரி சிரிக்கவில்லை. “இதை நான் மேலிடத்துல காட்ட முடியாது. பிள்ளையை இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்” என்று, மேசைக்கடியில் ஒளிந்திருந்த குழந்தையிடம் கையை நீட்டினார். மறுநொடி அலறினார்.

“கடிச்சிருச்சு!”

“பல்லு முளைச்சாச்சு சார். அதையும் போன வாரம் எழுதியிருக்கேன்.”

“நான் போக மாட்டேன்” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “பெரியம்மா, சொல்லு!”

பால்காரிக்குப் பேச்சு வரவில்லை. கணவர் பயந்தேபோனார், இப்படியொரு நிசப்தத்தை அந்த வீட்டில் அவர் கேட்டதில்லை.

கடிபட்ட கையைத் தேய்த்தபடி அதிகாரி நோட்டை முதலிலிருந்து புரட்டினார். ‘நாள் 4: வாய் திறக்கவில்லை. கறக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்தேன்.’ ‘நாள் 31: கன்றுக்கு என் பெயரை வைத்திருக்கிறது. மாற்றச் சொன்னேன். முடியாதாம்.’ ‘நாள் 58: பிள்ளைக்குக் காய்ச்சல். கறவைக்கு ஆள் வைத்தேன்.’

“அவ கறவைக்கு ஆள் வெச்சது அந்த ஒரு நாள்தான் சார்” என்றார் கணவர். “எங்க கல்யாணத்தன்னைக்குக்கூடக் கறந்துட்டுத்தான் வந்தா.”

அதிகாரி நோட்டை மூடினார். “இதையெல்லாம் படிவத்துல மாத்தி எழுதிக் கொடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாப் பிள்ளை இங்கேயே இருக்கலாம். ‘தீவனம்’ மட்டும் வேண்டாம்.”

“‘சாப்பாடு’ன்னு போடுறேன். குணம்?”

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். “‘துடிப்பானவள்’னு போடுங்க.”

தொண்ணூற்றிரண்டு நாள் குறிப்பையும் அவள் வியாழக்கிழமையே எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணைப் பதினெட்டு வயதுவரை வளர்த்தாள்.