சில்லறையில் வந்த அதிர்ஷ்டம்

நெஸ்டர் பாசியுக் தன் வாழ்நாளில் ஒரு நாணயத்தைக்கூட விலை கொடுத்து வாங்கியதில்லை. இதை நான் சொல்லவில்லை, அவனே சொல்வான். கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான், எதிரில் ஆளில்லை என்றால் பெட்ரோல் பம்பைப் பார்த்துச் சொல்வான்.

எங்கள் ஊரான டன்ராவனில் தானியக் கிடங்கை நடத்தி ஓய்வு பெற்றவன். ஊர்க் கோதுமையை எல்லாம் தரம் பிரித்த கை என்பதால் மனிதர்களையும் தரம் பிரிக்கலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. டோரீனின் காபிக் கடையில் காலையில் கூடும் கிழவர் கூட்டத்தில் அவன் நாற்காலி ஜன்னலோரம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவனுக்கு ஊர் வம்பு இல்லாமல் காபி இறங்காது.

நெஸ்டர் சேர்த்தது கனடாவில் புழங்கிய காசுகளின் வகைத் தொகுப்பு. வருஷம் முக்கியமில்லை, வடிவம்தான் முக்கியம். ராஜா மாறினால் ஒன்று, படம் மாறினால் ஒன்று, உலோகம் மாறினால் ஒன்று. விக்டோரியா ராணியின் அகலமான செம்புக் காசிலிருந்து, அப்போது புதிதாக வந்த பனிக்கரடி போட்ட இரண்டு டாலர் வரை, வகைக்கு ஒன்றாக ஒரு நீல ஆல்பத்தில் செருகி வைத்திருந்தான். இதைப் பலரும் செய்வார்கள். நெஸ்டரின் பெருமை வேறு. எல்லாக் காசும் கடையில் மீதிச் சில்லறையாக அவன் உள்ளங்கைக்கு வந்தவை.

"காசுன்னா கை மாறணும். தபால்ல வர்றது காசு இல்ல, சாமான்" என்பான். இது எங்கள் கூட்டத்தில் இன்னொருவனான கோர்ட் ஃப்ரீசனுக்கு விழும் அடி. டிராக்டர் விற்றுச் சம்பாதித்த கோர்ட் இதே தொகுப்பை முழுவதும் தபாலில் வரவழைத்து முடித்தவன். அந்தப் பொட்டலங்களைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

"வாங்கறது பெரிய விஷயமாடா? செக் எழுதத் தெரிஞ்ச எவனும் சேகரிப்பாளன்தான்" என்று நெஸ்டர் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவான்.

"உன்ன மாதிரி சில்லறைய நோண்டிக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்லப்பா. கல்லாவுல உனக்குப் பின்னாடி நிக்கறவன் தாடி வளத்துடறான்" என்பான் கோர்ட். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் இருபது வருஷம் ஒரே இடத்தில் குத்தினால் யாருக்கும் வலிக்கும்.

இனி ஊருக்கே தெரியாமல் இருந்த விஷயம். தொடக்கத்தில் நெஸ்டருக்குக் காசு நிஜமாகவே கிடைத்தது. அப்போது வெள்ளிக் காசுகள்கூடச் சில்லறையில் புழங்கிக்கொண்டிருந்தன. பிறகு வற்றிவிட்டது. மாதக்கணக்கில் ஒன்றும் அகப்படாமல் நெஸ்டர் வீட்டில் சூப்பில் உப்பில்லை, கதவு கிறீச்சிடுகிறது, பக்கத்து வீட்டு நாய் அவனைப் பார்த்தே குரைக்கிறது என்று எரிந்து விழுந்துகொண்டிருந்தான். அவன் மனைவி ஆர்லீன் ஒரு வியாழக்கிழமை முட்டிவலிக்கு வைத்தியம் பார்க்க சாஸ்கட்டூன் போனவள், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த நாணயக் கடைக்குள் ஏறினாள். வீட்டில் ஒரு வாரம் நிம்மதி வேண்டும் என்று ஒரே ஒரு பழைய ஐந்து சென்ட் வாங்கினாள். டோரீனிடம் கொடுத்து, "இத அவன் சில்லறையில போட்டுடு, என்ன?" என்றாள்.

அன்று ராத்திரி நெஸ்டர் சூப்பை இரண்டு தரம் வாங்கிக் குடித்தானாம்.

அதற்குப் பிறகு ஆர்லீனின் முட்டி குணமாகவே இல்லை. வியாழன்தோறும் வைத்தியம்தான். இத்தனையும் டோரீனும் ஆர்லீனும் மட்டும் அறிந்த ரகசியம். எங்கள் ஊரில் ஒரு ரகசியம் இவ்வளவு காலம் தங்கியதற்கு டோரீனுக்குச் சிலை வைக்க வேண்டும்.

அந்த வருஷம் ஆல்பத்தில் ஒரே ஒரு குழி பாக்கி. பழுப்பு நிறத்தில், பன்னிரண்டு மூலையோடு, வெற்றிக்கு அடையாளமாக ஆங்கில 'வி' எழுத்தும் தீப்பந்தமும் போட்ட ஐந்து சென்ட். யுத்த காலத்தில் நிக்கல் எல்லாம் பீரங்கிக்குப் போய்விட, பித்தளை போன்ற ஒரு கலவையில் அடித்தார்கள். அக்டோபர் மாத வான்கோழி விருந்தில், ஊர் மண்டபத்தில் அவரவர் சேகரிப்பைக் காட்டும் பொழுதுபோக்குப் போட்டி ஒன்றும் வைப்பதாக அறிவித்திருந்தார்கள். நகரத்து நாணயச் சங்கத்திலிருந்து நடுவர் வருகிறார். நெஸ்டர் வாய் சும்மா இருக்குமா?

"விருந்துக்குள்ள அந்தக் காசு என்னத் தேடி வரும். வரலைன்னா ஆல்பத்தக் கோர்ட்டுக்கே குடுத்துடறேன், தபால்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். வேடிக்கையாகத்தான் தொடங்கினான். ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற ஜாதி இல்லை அவன். ஆர்லீன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அடுத்த வியாழக்கிழமையே காசு டோரீனின் கல்லாவுக்கு வந்துவிட்டது.

எங்கள் காபிக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு காசைச் சுண்டுவோம். யாருடையது மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லையோ அவன் மொத்தக் கணக்கையும் கட்ட வேண்டும். மறுநாள் காலை நெஸ்டர் தோற்றான். அவன் எப்போதும் பத்து டாலர் நோட்டுதான் நீட்டுவான் என்பதால் டோரீன் மீதியை முன்கூட்டியே எண்ணி, பழுப்புக் காசையும் கலந்து, கல்லா மேசையில் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து நெஸ்டர் கத்தினான். "இந்த ஆட்டம் செல்லாது! கோர்ட் காசப் பாருங்கப்பா!"

கோர்ட் சுண்டியது புது இரண்டு டாலர். வந்த புதிதில் அந்தக் காசின் நடுவட்டம் கழன்று விழும் என்று பேச்சு இருந்தது. கோர்ட்டோ அதைச் சோதிக்கிறேன் என்று உறையவைத்துச் சுத்தியலால் தட்டியிருந்தான். விழுந்த வேகத்தில் இரண்டாகக் கழன்று, மேசையில் வெளி வளையம் ராணிப் பக்கமாகவும், நடுவட்டம் கரடிப் பக்கமாகவும் தனித்தனியே கிடந்தன.

"இது தலையா பூவா? நீயே சொல்லு" என்றான் நெஸ்டர்.

"ரெண்டும்தான். இதுக்கு நான் என்ன பண்ண, அரசாங்கத்தக் கேளு."

"சுத்தியல் அரசாங்கத்துதா?"

மறுபடி சுண்டினோம். இந்தத் தடவை கோர்ட் தோற்றான். முனகிக்கொண்டே போய், தட்டுக்குப் பக்கத்தில் பத்து டாலரை வைத்து, மீதியை அள்ளிக்கொண்டான். கணக்கு அதே கணக்குதானே! அடுப்படியிலிருந்து வெளியே வந்த டோரீன் வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். காபி கொட்டிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

கோர்ட் உள்ளங்கையைப் பார்த்தான். "அட, நெஸ்டர்! உன் விருந்தாளி வழி தவறி எங்கிட்ட வந்துட்டாருப்பா."

நெஸ்டர் எழுந்து வந்து பார்த்தான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது, உண்மையாகவே.

"எங்கிட்ட ஏற்கெனவே இருக்கு. எடுத்துக்கோ" என்றான் கோர்ட்.

"தானம் வாங்கறதுக்கா இத்தன வருஷம் குனிஞ்சு நின்னேன்? வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நெஸ்டர் தொப்பியைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

கோர்ட் முட்டாள் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய காசு டோரீன் கல்லாவில் எப்படி முளைத்தது என்று அவளைப் பிடித்து உலுக்கினான். அவளுக்குப் பொய் வராது. கொட்டிவிட்டாள். கோர்ட் நேராகத் தபால் நிலையத்துக்கு வந்து, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"இருபது வருஷம்டா! என்னை சாமான் வாங்கறவன்னு சொல்லிச் சொல்லியே... விருந்துல மைக்கப் புடிச்சு சொல்லப் போறேன் பாரு."

சொல்லியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவனுக்கு அந்த உரிமை இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஆர்லீன் உள்ளே வந்தாள். டோரீன் போன் பண்ணியிருக்கிறாள். கோட்டைக்கூடப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தாள்.

"கோர்ட், நீ சொல்லணும்னா சொல்லிக்கோ. உன் நியாயம் எனக்குத் தெரியும். ஆனா அவன் இனிமே அந்த ஜன்னலோரம் வந்து உக்காருவானா, யோசிச்சுக்கோ."

கோர்ட் அவள் பக்கம் திரும்பினான். "எல்லாம் நீதானா? விக்டோரியா செம்புக் காசுமா?"

"அதுக்கு மூணு கடை ஏறி எறங்கினேன். முதல்ல காட்டினதுல ஓரத்துல இருக்கற மேப்பிள் இலையெல்லாம் தேஞ்சு கிடந்துச்சு. ரெண்டாவது பளபளன்னு இருந்துச்சு, எவனோ தேச்சுக் கழுவியிருக்கான். அது எனக்கு எதுக்கு? கழுவின காசு செத்த காசு இல்லையா?"

"அம்பது சென்ட்?"

"அதுக்கு எட்டு மாசம் காத்திருந்தேன். சும்மா வாங்கிட முடியுமா? பக்கத்துல இருக்கறதோட நெறம் ஒத்துப்போகணுமே."

இதைச் சொல்லும்போது அவள் கண்ணில் இருந்ததை நான் நெஸ்டர் கண்ணில் ஒரு நாளும் பார்த்ததில்லை. கோர்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். சொல்வானா மாட்டானா என்று தெரியாமல் ஆர்லீன் விருந்து நாள் வரை தூங்கினாளோ என்னவோ.

விருந்தன்று மண்டபத்தில் ஊரே திரண்டிருந்தது. டோரீனிடமிருந்து வந்ததோ என்னிடமிருந்து வந்ததோ, அங்கிருந்த பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். பெரோகிக் கொழுக்கட்டையை வாயில் வைத்துக்கொண்டு மெல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் விற்கும் மேசையில் கோர்ட் நின்றான். அவனாகவே கேட்டு வாங்கிய வேலை. நெஸ்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, புளிப்பு ருபார்ப் தண்டு வைத்த பலகாரம் ஒரு துண்டுக்கு இரண்டு டாலர் காசை வைத்தான்.

கோர்ட் மைக் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். மேடைக்குக் கீழே ஆர்லீன் குழம்பு ஜாடியோடு அசையாமல் நின்றாள். பிறகு கோர்ட் சில்லறையை எண்ணி நெஸ்டர் கையில் வைத்தான். ஒரு கால் டாலர், இரண்டு பத்து சென்ட், ஒரு பழுப்பு ஐந்து சென்ட்.

நெஸ்டர் விரலால் விலக்கிப் பார்த்தான். ஒரு மூச்சு விட்டான் பாருங்கள், வான்கோழிகள் எழுந்து பறந்திருக்கும்.

"பாத்தீங்களா! மீதியா வந்துச்சு! கோர்ட் கையில தங்கலை பாத்தீங்களா? விலை குடுத்து வாங்கறவன்கிட்ட காசு நிக்காதுடா!"

கோர்ட்டின் காது சிவந்தது. "ஆமாப்பா, உன் அதிர்ஷ்டம் யாருக்கு வரும். அடுத்த ஆளு வாங்க, கிரீம் போடணுமா?" என்றான். இவன்மேல் எனக்கு அதுவரை பெரிய மரியாதை கிடையாது. அன்றைக்கு வந்தது.

நடுவர் ஒல்லியான மனிதர். ஆல்பத்தைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. "இதெல்லாம் சில்லறையில கிடைச்சதுன்னா நம்பறதுக்குக் கஷ்டமா இருக்கு. ஒண்ணுக்கொண்ணு தேய்மானம் ஒத்துப்போகுது, நெறம் ஒத்துப்போகுது. ஒரு காசுகூடக் கழுவினது இல்ல. யாரோ ஒருத்தர் பொறுமையா, ஒரே கண்ணால தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கு. இந்த மாதிரி கண்ணு லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கும்" என்றார்.

"அதிர்ஷ்டத்துக்கும் கண்ணு உண்டுங்க" என்றான் நெஸ்டர், நெஞ்சை நிமிர்த்தி.

முதல் பரிசு நீல ரிப்பனை அவன் சட்டையில் குத்தினார்கள். எல்லாரும் கை தட்டினோம். பாதிப் பேர் அவனைப் பார்க்காமல் அவன் பின்னால் நின்றவளைப் பார்த்துத் தட்டினார்கள். ஆர்லீன் ஜாடியை மேசையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவளும் தட்டினாள். அவள் முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

கூட்டம் கலையும்போது நெஸ்டர் ஆல்பத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களிடம் சொன்னான். "முடிஞ்சுது. ஒரு குழிகூட இல்ல. இனிமே சில்லறையப் பாக்கவே மாட்டேன், அப்படியே பையில போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். ஆர்லீன், உனக்கும் நிம்மதி."

ஆர்லீன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை உள்ளே போனது, இன்னொன்று வெளியே நின்றுவிட்டது. போட்டியில் யாரோ அவளைத் தோற்கடித்துவிட்ட மாதிரி இருந்தது. கோர்ட்தான் போய் அந்தக் கோட்டுக் கையைப் பிடித்துக்கொடுத்தான்.

கதவுவரை போனவள் திரும்பினாள். "நெஸ்டர், நியூஃபவுண்ட்லாந்து நம்மளோட சேர்றதுக்கு முன்னால அவங்க தனியா காசு அடிச்சிட்டிருந்தாங்களாமே. அதுல எத்தன வகை இருக்கும்?"

நெஸ்டர் நின்றான். ஆல்பத்தை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினான்.

"அது கெடக்கு ஏகப்பட்டது. ஆனா அந்தக் காசெல்லாம் நம்ம ஊர் சில்லறையில எங்க வரப்போகுது?"

"உனக்கு வராம வேற யாருக்கு வரும்?" என்றாள் ஆர்லீன்.